பெங்களூர் ஏரிகளும் பள்ளிப் பிள்ளைகளும்

மதுரைக்கு வைகை, திருச்சிக்குக் காவிரி, நெல்லைக்குத் தாமிரபரணி என்று ஊரையும் ஆற்றையும் சேர்த்தே சொல்லிப் பழகியவர்கள் நாம். பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்தும், பெங்களூருக்கு எந்த ஆறு என்று நம் பிள்ளைகள் கேட்டால் விடை சொல்ல இயலாமல் விழிக்கிறோம். குளிர்ந்த காற்றைப் பற்றிப் பேசுவோம். லால்பாக்கைப் பற்றியும் கப்பன் பூங்காவைப் பற்றியும் பெருமையாகச் சொல்லுவோம். ஆற்றைப் பற்றிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். இந்நகரின் பூகோளமே ஒரு விசித்திரம் என்பதை இரண்டாண்டுகளாகத்தான் என் வீட்டார் அறிந்தனர். அதனை அறிவித்தவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய விஞ்ஞான ஆசிரியையுமே.

கடல்மட்டத்திற்குச் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் பெங்களூர், ஒரு மேட்டு முதுகின்மேல் அமர்ந்த ஊர். கூரையின் முகட்டில் விழும் மழைத்துளி இருபுறமும் பிரிந்து ஓடுவது போல, இங்கே பெய்யும் மழையும் பிரிந்து ஓடுகிறது. மேற்கே சாய்ந்தது விருஷபாவதி என்னும் சிற்றாற்றில் விழுந்து, அர்க்காவதியில் கலந்து, கனகபுரத்திற்கு அப்பால் சங்கமம் என்ற இடத்தில் காவிரியைச் சேருகிறது. கிழக்கே சாய்ந்தது ஏரிக்கு ஏரி வழிந்து பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளை அடைந்து, தட்சிண பினாகினியில் போய் விழுகிறது. தட்சிண பினாகினி என்றால் யாருடைய ஆறோ என்று எண்ணிவிட வேண்டா. நம்முடைய தென்பெண்ணைதான் அது. ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியே சென்று கடலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆக, முகட்டின் எந்தப் பக்கம் நம் வீடு இருந்தாலும், விடுமுறைக்கு நாம் ஊர் போய்ச் சேருமுன்பே நம் வீட்டுக் கழிநீர் அங்கே போய்ச் சேர்ந்து விடுகிறது!

நிற்க. பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் எவ்வாறு நடக்கிறது என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும். சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டு நவம்பரில், எம். சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் ஆணையிட்டது. ஆணை ஏட்டளவில் நின்றதால், 2003-ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் மறுபடியும் அதட்ட வேண்டி வந்தது. அதன்பின் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் வகுப்புவாரியாகப் பாடத்திட்டம் தயாரித்தது. பாடம் வந்தது உண்மை. ஆனால் பல இடங்களில் அது வந்த வழி வேறு. மரம் வளர்ப்போம் என்று ஒரு சுவரொட்டி, பூமிப் பந்தைக் கண்ணீருடன் வரைந்த ஒரு படம், ஜூன் 5-ஆம் தேதி ஒரு கன்று நடுதல், அதற்கு ஒரு புகைப்படம், மதிப்பெண் போட்டாயிற்று. என் மூத்த மகள் எட்டாம் வகுப்பு வரை அமேசான் காட்டைப் பற்றியும் பனிக்கரடியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். எங்கள் தெருவின் கோடியில் ஓடும் கால்வாய் எங்கே போகிறது என்று கேட்டால், "பாலத்துக்குக் கீழே" என்பாள்.

ஒன்பதாம் வகுப்புக்கு வந்த ஆசிரியை கன்னடப் பெண்மணி. ஆடுகோடியில் பிறந்து வளர்ந்தவராதலால் தமிழ் நன்றாகவே புரியும்; பேசவும் பேசுவார். முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்கு இரண்டே கேள்விகளைக் கொடுத்து அனுப்பினார். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உங்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது? இவ்விரண்டுக்கும் வீட்டுப் பெரியவர்களிடம் விடை வாங்கி வர வேண்டும். பெரும்பாலோர் முதற் கேள்விக்குக் "காவேரி" என்று எழுதினர். இரண்டாவதற்கு ஒருவர்கூட விடை எழுதவில்லை. இந்த இரண்டாவது கேள்வியைத் தொடர்ந்து செல்வதே அவ்வாண்டின் பாடம் என்று அவர் அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருபத்திரண்டு பிள்ளைகளை அழைத்துச் செல்லத் துணைக்குப் பெற்றோர் வேண்டும் என்றபோது, வண்டி நேரம் அறிந்தவன் என்ற முறையில் என் பெயரை என் மகளே கொடுத்துவிட்டாள்.

முதல் ஞாயிறு, நாள்தோறும் நான் வேலைக்கு இறங்கும் சிட்டி ஸ்டேஷன் வாயிலிலேயே பாடம் தொடங்கியது. எதிரே கெம்பேகௌடா பேருந்து நிலையம். நம்மவர்கள் மெஜஸ்டிக் என்று சொல்வது. "இது தருமாம்புதி ஏரி" என்றார் ஆசிரியை. பிள்ளைகள் சிரித்தனர். ஆயினும் அது உண்மையே. 1537-ஆம் ஆண்டில் இந்நகரை அமைத்த கெம்பேகௌடரின் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏரிகளில் ஒன்று அது. ஆறில்லாத மேட்டில் ஊர் அமைப்பவனுக்கு ஏரி ஒன்றே கதி. நம் ஊர்ப் பக்கத்துப் பழைய ஏற்பாடுதான் இங்கும். மேல் ஏரி நிறைந்து வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. சொற்கள்கூட உறவினைக் காட்டுகின்றன. நாம் தூம்பு என்பதைக் கன்னடர் தூபு என்பர். நம் கால்வாய் அவர்களுக்குக் காலுவே. நாம் ஏரி என்பது அவர்களுக்குக் கெரெ. நகரம் பெருகப் பெருக இவற்றில் பல மைதானங்களாயின. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானமாயிற்று. சல்லகட்டா ஏரியில் இன்று கோல்ஃப் ஆடுகிறார்கள். பெரு மழை பெய்யும் நாளில் இப்பக்கங்களில் தண்ணீர் தேங்குவதைக் கண்டு நாம் சலித்துக்கொள்கிறோம். தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வருகிறது என்பதே அதன் பொருள்.

அங்கிருந்து அல்சூர் ஏரிக்குச் சென்றோம். தமிழ்ச் சங்கக் கட்டிடத்திற்கு அருகில் உள்ள இவ்வேரியை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைக் காண வந்தவர்கள் அனைவரும் ஏரியையும் கண்டிருப்பர். 2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு காலைப் பொழுது இதன் கரையெங்கும் மீன்கள் செத்து மிதந்தன. ஏன் செத்தன, ஏன் பெரும்பாலும் விடியற்காலையில் இவ்வாறு சாகின்றன என்பதே அன்றைய பாடம்.

இதற்குப் பள்ளி செய்த செலவு மிகச் சிறிது. சாப்பாட்டுத் தட்டு ஒன்றை நான்கு பாகமாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூசி, நடுவில் கயிறு கட்டி, கயிற்றில் அளவுக்கு அளவு முடிச்சுப் போட்டிருந்தார்கள். தட்டினை நீரில் இறக்கி, எந்த முடிச்சில் அது கண்ணுக்கு மறைகிறதோ அதுவே நீரின் தெளிவுக்கு அளவு. 1865-ஆம் ஆண்டில் சேக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கப்பலில் இருந்துகொண்டு கண்ட முறை இது. இன்றும் உலகெங்கும் ஏரி ஆராய்ச்சியாளர் கையாள்கின்றனர். எங்கள் தட்டு சீக்கிரமே மறைந்தது. பச்சைப் பாசி அவ்வளவு அடர்த்தி.

மற்றொரு சோதனையைப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். 1888-இல் ஹங்கேரி நாட்டு இரசாயனர் விங்க்ளர் கண்ட முறை. காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பிய புட்டியில் மாங்கனீசு உப்பும் காரமும் விட்டால் வண்டல் படியும். நீரில் பிராணவாயு கரைந்திருந்தால் வண்டல் பழுப்பாகும். இல்லாவிடில் வெள்ளையாகவே இருக்கும். குழாய்த் தண்ணீர்ப் புட்டியில் நல்ல பழுப்பு நிறம் இறங்கிற்று. தெருக் கால்வாயிலிருந்து எடுத்த புட்டியில் வண்டல் பாலைப் போல் வெள்ளையாகவே நின்றது. பிள்ளைகள் பேசவில்லை. மீன் வாழ்வதற்கு ஒரு லிட்டர் நீரில் குறைந்தது 4 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கும் விதியைப் பலகையில் எழுதிவிட்டு, ஆசிரியை மேலே விளக்கினார். சாக்கடையோடு வரும் உரச்சத்தினால் பாசி பெருகும். பகலில் சூரிய ஒளியில் பாசி பிராணவாயுவைத் தரும். இரவில் அதே பாசி சுவாசித்துப் பிராணவாயுவைச் செலவழிக்கும். செத்த பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களும் அதையே உண்ணும். ஆகையால் விடியும் நேரத்தில்தான் கையிருப்பு மிகக் குறைவு. கடன் வாங்கிப் பெருமையாகக் குடும்பம் நடத்துபவன் மாதக் கடைசியில் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது விளங்காமற் போகாது.

மூன்றாவது ஞாயிறு இரயிற் பயணம். பையப்பனஹள்ளியை அடுத்து ஓசூர்ப் பாதையில் பெல்லந்தூர் ரோடு என்றொரு சிறு நிலையம் உண்டு. சேலத்திற்கும் தருமபுரிக்கும் போகும் நம்மவர்கள் கண் அயரும் இடம். பெல்லந்தூர் ஏரி சுமார் 900 ஏக்கர் பரப்புடையது, நகரிலேயே பெரியது. இரண்டாம் உலகப் போரின்போது பழுதுபார்க்க வந்த கடல் விமானங்கள் இந்த நீர்ப்பரப்பில் இறங்கின என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கின்றனர். அவர்கள் அறிந்த பெல்லந்தூர் வேறு. 2015 மே மாதத்தில் இவ்வேரியின் நுரையிலே தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் மறுபடியும் தீ. 2018 ஜனவரியில் பிடித்த தீயை அணைக்க இராணுவ வீரர்கள் வர வேண்டியிருந்தது. ஏரி எரிந்தது என்று தமிழில் எழுதினால் அச்சுப் பிழை என்று கருதுவார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

தண்ணீர் எப்படி எரியும் என்று ஒரு பையன் கேட்டான். தண்ணீர் எரியவில்லை. பிராணவாயு அற்ற சேறு அழுகும்போது மீத்தேன் என்னும் எரிவாயு எழுகிறது. நீரின்மேல் எண்ணெய்ப் பிசுக்கும் குப்பையும் காய்ந்த களைகளும் கிடக்கின்றன. ஒரு பொறி போதும். நுரைக்கு மூலம் நம் வீட்டுச் சலவைத்தூள். சுத்திகரிக்காத கழிநீரோடு சலவைப் பொருள் ஏரிக்கு வந்து சேற்றில் தங்குகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் சேற்றைக் கலக்க, கலங்கலின் மேலிருந்து நீர் விழும் வேகத்தில், தயிர் கடைந்தாற் போல் நுரை பொங்குகிறது. சேற்றுத் துகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்துகொள்வதால் அந்நுரை எளிதில் உடைவதில்லை. நம் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் இதனை ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். பின்னர் இவ்வேரியில் தூர் வாரும் வேலை தொடங்கப்பட்டது. கழிநீர் நிலையங்களும் எழுந்தன. ஆனாலும் கரையில் நின்றால் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அப்போது எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "மிஸ், இந்த நுரை இங்கிருந்து எங்கே போகும்?"

"ஓசூருக்கு."

"அதற்கப்புறம்?"

ஆசிரியை படத்தை விரித்துக் காட்டினார். அச்சிறுமி விரலால் ஆற்றைத் தொடர்ந்து கொண்டே போய்த் திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அங்கே அவளுடைய பாட்டி இருக்கிறாள். இரண்டு ஏக்கர் நிலம், ஆற்றங்கரைக் கிணற்றுப் பாசனம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அங்கிருந்துதான் அவர்களுக்கு மூட்டை அரிசி வருகிறது. சிறுமி வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய்த் தாயாரிடம் சலவைத்தூள் அளவைப் பற்றி வழக்காடினாள் என்று மறுநாள் கேள்விப்பட்டோம்.

ஓசூருக்கும் ஒரு ஞாயிறு போய் வந்தோம். கெலவரப்பள்ளி அணை அங்கே அருகில்தான். மழைக்குப் பின் மதகு திறந்திருந்தபடியால், வெளியேறும் நீரில் வெண்ணுரை ஆளுயரம் நின்றது. காற்றில் துண்டு துண்டாகப் பறந்து வயல் வரப்புகளில் விழுந்தது. சிறு பிள்ளைகளுக்கு வேடிக்கை. தொடப் போனவர்களை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அங்கே நின்ற விவசாயி ஒருவர், "எந்த ஊர்ப் பிள்ளைகள்?" என்று விசாரித்தார். பெங்களூர் என்றதும், "அப்படியானால் இது உங்களுடையதுதான், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சிரித்தபடியே சொன்னார். சிரிப்பில் கசப்பு இருந்தது. அதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை.

இனி முதற் கேள்விக்கு வருகிறேன். குழாயில் வரும் காவிரி நீர் எளிதில் வருவதன்று. தொரேக்காடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், இயந்திரங்களால் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. முதல் கட்டம் 1974-இல் வந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியபோது நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாயிற்று. அதே ஆண்டுக் கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்காக நாம் காத்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். (இரயில்வேக்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2019 ஜூலையில் சென்னை வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டி வாகன்களில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் இரயிலேறிச் சென்றது. 1864-இல் நம் முன்னோர் பலரைப் பெங்களூர் தண்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அதே ஜோலார்பேட்டைப் பாதைதான்.)

வந்த நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிநீராகிவிடும் என்பது பொறியாளர் கணக்கு. முகட்டின் கிழக்கே குடியிருப்பவர் வீட்டுக்குள் காவிரியாக வந்த நீர், வெளியேறும்போது தென்பெண்ணைக்குப் போகிறது. ஓர் ஆற்றை மற்றோர் ஆற்றுக்குள் நாம் நாள்தோறும் ஊற்றிக்கொண்டிருக்கிறோம், யாரும் கால்வாய் வெட்டாமலே! இது வழக்கு மன்றத்திலும் பேசப்பட்ட சங்கதி. பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது என்று கணக்கிட்டு நடுவர் மன்றம் 2007-இல் குடிநீர் ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நகரம் முழுவதையும் கருத வேண்டும் என்று சொல்லி 4.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தது. தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்ததும் அதே தீர்ப்பில்தான். பத்திரிகையில் எண்களாக மட்டும் படித்த இத்தீர்ப்பு, முகட்டின்மேல் நின்று பார்த்த பிள்ளைகளுக்குப் படமாகவே விளங்கிற்று.

காவிரி என்ற சொல் இவ்வூர்த் தமிழ்க் குடும்பங்களில் எத்தகைய அச்சத்தை எழுப்பும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1991 டிசம்பரை நம் பெற்றோர் அறிவர். 2016 செப்டம்பரை நாம் அறிவோம். கதவைச் சாத்தி, வானொலியையும் கைபேசியையும் தமிழில் ஒலிக்கவிடாமல் இருந்த நாட்கள் அவை. அந்த வகுப்பில் தமிழ் பேசும் பிள்ளைகள் ஒன்பது பேர். மற்றவர் கன்னடம், உருது, தெலுங்கு பேசுவோர். காவிரிப் பாடம் நடந்த அன்று எனக்கு உள்ளூர நடுக்கமே. ஆசிரியை யார் பக்கமும் பேசவில்லை. மாண்டியாவின் உழவனுக்கும் தஞ்சையின் உழவனுக்கும் ஒரு பயிருக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்குப் போடச் சொன்னார். பின், நம் வகுப்பறையின் ஒழுகும் குழாயின் கீழே வாளியை வைத்து ஒரு மணி நேரம் அளக்கச் சொன்னார். மாண்டியாவிலிருந்து வந்த பையனும், கும்பகோணத்துப் பையனும் ஒரே வாளிக்கு இருபுறமும் உட்கார்ந்து கோடு போட்டதை நான் பார்த்தேன். பெரியவர்களுடைய வழக்கு அதனால் தீர்ந்துவிடப் போவதில்லைதான்.

குறை மட்டும் காட்டிப் பிள்ளைகளைச் சோர்வடையச் செய்யக்கூடாதென்று கடைசியாக ஜக்கூர் ஏரிக்கு அழைத்துச் சென்றார். எலகங்காவுக்குப் பக்கம். நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் அளவில் முதலில் அமைக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர், நேரே ஏரிக்குள் விழாமல், சம்பும் களையும் வளர்ந்த சதுப்பு ஒன்றின் வழியாக ஊர்ந்து வருகிறது. மிஞ்சிய உரச்சத்தை அச்செடிகள் வேர்வழியே உறிஞ்சிக்கொள்கின்றன. கூழைக்கடாக்கள் மிதந்தன. மீனவர் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். சேக்கித் தட்டு இங்கே அல்சூரைவிட இரண்டு முடிச்சு அதிகம் இறங்கிற்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். சர்ஜாபூர்ச் சாலையில் கைக்கொண்டரஹள்ளி ஏரியையும், ஜே.பி. நகரில் புட்டேனஹள்ளி ஏரியையும் அக்கம்பக்கத்தார் கூடி மீட்டிருக்கின்றனர். கைக்கொண்டரஹள்ளிக் கரையிலேயே ஓர் அரசுப் பள்ளியும் உண்டு. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஏரியே பாடப்புத்தகம்.

இத்தகைய படிப்பை எல்லாப் பெற்றோரும் விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. எங்கள் வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, சாக்கடை பார்க்கவா பெண்ணை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாய்?" என்றே கேட்டுவிட்டார். தேர்வுக்கு இவை வாரா என்பதும் மெய்யே. ஆறு பிள்ளைகள் நடுவிலேயே டியூஷனுக்குப் போய்விட்டனர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. மதிப்பெண் இல்லாமல் இவ்வூரில் அடுத்த படி ஏற முடியாது என்பதை மெட்ரிகுலேஷனோடு நின்ற நான் நன்கு அறிவேன். ஆயினும் என் மகள் இப்பொழுது மழை பெய்தால் மொட்டைமாடிக்குப் போய் நின்று, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்க்கிறாள். எங்கள் வீடு முகட்டிற்குக் கிழக்கே, தென்பெண்ணைப் பக்கம்.

இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உள்ள சதுப்புநில ஆராய்ச்சிக் குழுவினர் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏரிகளைப் பற்றி நடத்தும் மாநாட்டில் பள்ளிப் பிள்ளைகளும் கட்டுரை படிக்கின்றனர். அதற்கு அனுப்புவதற்காகத் தங்கள் கால்வாயின் படத்தை வீட்டுக்கு வீடு அளந்து பிள்ளைகள் வரைந்துகொண்டிருக்கிறார்கள். கடலூர் வரை நீளும் அப்படம் வகுப்பறைச் சுவரில் இடம் போதாமல் கதவின்மேலும் ஒட்டப்பட்டிருக்கிறது. வரும் மாதம் விருஷபாவதிப் பக்கம் பயணம். சங்க உறுப்பினர்களின் பிள்ளைகளும் சேர்ந்து வரலாம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். காலை ஏழு மணிக்குப் பசவனகுடி நந்தி கோயில் வாயிலில் கூட வேண்டும். குடிநீரும் தொப்பியும் அவசியம். கால்வாய்க் கரையில் ரப்பர்ச் செருப்பு வழுக்கும்; பூட்ஸ் அணிந்து வருவது நல்லது.